சேதாரம் சேர்த்து

ஒரு பவுன் என்றால் 8 கிராம். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். இதுவரை கணக்கு சுத்தம். அடுத்து வருகிறது சேதாரம்: ஆசாரி அராவும்போது உதிர்ந்துபோகும் தங்கத்துக்கு நாம் எழுதும் மொய். ஆனால் பட்டறையில் கூட்டிய மண்ணைக்கூடக் காசு கொடுத்து வாங்கி, அலசித் தங்கம் எடுக்க ஆள் இருக்கிறது. ஆக, நிஜமாகவே சேதாரமாவது நம் பணம் மட்டும்தான். அதற்கும் சேர்த்து 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

வீட்டுக்காரியின் ஆரத்துக்கு 18 சதவீதம் போட்டார்கள். "மெஷின் கட்டிங்தானே தம்பி, இதில் என்ன உதிரும்?" என்றேன். தம்பி சிரித்துக்கொண்டே குளிர்பானம் நீட்டினார். குடித்தேன். 18 என்பது 16 ஆனது. பேரம் பேசத் தெரிந்த புருஷன் என்று அன்று ஒரு நாள் பெயர் வாங்கினேன்.

ஆரம் மறுநாளே பேங்க் லாக்கருக்குக் குடிபோனது. கல்யாணம் காட்சிக்கெல்லாம் அதே டிசைனில் சிதம்பரம் கவரிங்தான் போய்வருகிறது. "எத்தனை பவுன் அக்கா?" என்று யாராவது தொட்டுப் பார்த்தால், லாக்கரில் இருப்பதன் எடையைத்தான் சொல்கிறாள். சேதாரமும் சேர்த்து.