குண்டுமணி பென்சன்

வாங்க மருமகனே! "பி.எப். பிடிக்க வேண்டாம், கூலியை முழுசாக் கையில குடுங்க"ன்னு பட்டாசு ஆலைப் போர்மேன்கிட்டச் சொல்லிட்டு வந்தீகளாமே. நல்ல காரியம். தாலுகா ஆபீஸ் பெஞ்சுல எனக்குப் பேச்சுத்துணை இல்ல. முப்பது வருசம் பொறுத்து வாங்க, துண்டு போட்டு எடம் பிடிச்சு வைக்கிறேன்.

முதியோர் பென்சன்னா லேசுப்பட்டதா? நம்ம விருதுநகர்க்காரர் காமராசர் முதல்வரா இருந்தப்ப, 1962ல தொடங்குனது. மாசம் 20 ரூபா. அப்பப் பத்து கிராம் தங்கம் 120 ரூபா வாக்குல. ஒன்றரை கிராமுக்கு மேலயே வாங்கிப்புடலாம். இப்ப 1,200 ரூபா. குண்டுமணித் தங்கமாவது தேறுமான்னு நகைக்கடையில கேட்டுப் பாருங்க, தண்ணி குடுத்து அனுப்பிருவாக. 2011ல ஆயிரம் ஆச்சு, 2023ல இருநூறு கூட்டுனாக. அதுவரைக்கும் பருப்பு விலை கையக் கட்டிக்கிட்டு நின்னுச்சாக்கும்!

இதுல டெல்லி பங்கு 200. எண்பது வயசானா 500. வாயப் பொளக்காதீக, ஒங்க கைக்கு அதே 1,200தான். நீங்க தீர்க்காயுசா இருந்தா கோட்டைக்குத்தான் லாபம்.

ஆதரவில்லாத ஆளுன்னு வேற காட்டணும். அதனால மகனை இப்பவே தனி ரேசன் கார்டுக்கு எழுதிப் போடச் சொல்லுங்க. பாசம் சோத்துல இருந்தாப் போதும், கார்டுல இருக்கப்படாது.

மகன்னதும் ஞாபகம் வருது. எங்க அய்யா காலத்துல வீட்டுக்கு ஏழெட்டு உருப்படி. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொம்பளைக்கு 1.4 பிள்ளையாம். அந்தப் புள்ளி நாலு எந்தத் தெருவுல வெளையாடுதுன்னு நானும் தேடுறேன். 2011ல நூத்துக்குப் பத்துப் பேரு அறுபதைத் தொட்டவுக. 2031ல பதினெட்டுப் பேருங்குது மத்திய சர்க்கார் கணிப்பு. வாங்குற கை கூடுது, வரி கட்டுற கை குறையுது. ஒங்க காலத்துல நிதி மந்திரியா வரப்போறவரு இப்ப எங்கயோ வாய்ப்பாடு படிச்சுக்கிட்டு இருப்பாரு, பாவம்.

பி.எப்.பா? அது எதுக்கு! பத்து வருசம் சேந்தா 58ல பென்சன் உண்டாம். 15,000 சம்பளத்தை முப்பது வருசத்தால பெருக்கி எழுபதால வகுத்தா மாசம் 6,400 சொச்சம் வருது. அதுவும் ஒங்க கூலியில பிடிச்சதுல இருந்து இல்ல. மொதலாளி போடுற 12 சதத்துல 8.33 அதுக்குப் போகுது. நீங்க வேண்டாம்னதும் மனுசன் ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாரே? 2018ல உச்ச நீதிமன்றம் சரவெடி கூடாதுன்னப்ப எத்தனையோ பேருக்கு வேலை போச்சு. பி.எப்.ல சேந்த வருசம் மட்டும் அழியல.

பி.எப்.ல சேந்தா யூ.ஏ.என்.னு பன்னெண்டு இலக்க நம்பர் ஒண்ணு உண்டு. என் மக போன்ல அது ஏறி ஏழு வருசமாச்சு, ஒங்களுக்குச் சொல்லலையோ? 58ல அவகிட்டக் கைமாத்துக் கேக்கணும் பாருங்க. இன்னிக்கே வீட்டுல கொஞ்சம் பணிஞ்சு பேசிப் பழகுங்க.