அட்வான்ஸ் வாங்கிய ஆட்டக்காரர்

கோயமுத்தூர்க்காரன் ‘சென்னை, சென்னை’ என்று தொண்டை வறளக் கத்துவது இயற்கைக்கு விரோதம். சிறுவாணித் தண்ணி குடித்தவன் செய்யக்கூடாத காரியம். ஆனால் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி எங்கள் நேரு ஸ்டேடியத்தைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது வேறு வழியில்லை. மைதானம் நம்முடையது, டிக்கெட் காசும் நம்முடையது, பேர் மட்டும்தானே அவர்களுடையது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கத்தினோம். 2018-19 ஐ-லீக் கோப்பையையே அந்த அணி தூக்கிவிட்டதும் பேரையும் மன்னித்துவிட்டோம்.

கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9. இங்கே மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. நாம் சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்ஸி பெனால்டியில் ஒன்று, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. 3-1. 20 ஆட்டங்களில் நமக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த ஒற்றைப் புள்ளியை நானே போராடி வாங்கிவந்ததுபோல ஒரு வாரம் எங்கள் கணபதி வட்டாரத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன். நான் ஓடினால் எனக்கு முன்னால் என் தொப்பை போய் ஆஃப்சைடில் நிற்கும் என்பது வேறு விஷயம்.

எங்கள் சபை கூடுவது பேக்கரியில். ஆளுக்கொரு பட்டறை, பொழுது சாய்ந்தால் ஆளுக்கொரு டீ. அணியின் பலம் எதில் என்பதில் அங்கே ஒருமித்த கருத்து வந்ததே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ்தான் என்பார் பம்ப்செட் அண்ணன். 21 கோல் போட்ட மான்ஸி இல்லாமல் எந்தப் பயிற்சியாளர் கிழித்திருப்பார் என்பார் வைண்டிங்காரர். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் தமிழ்நாட்டுப் பசங்களை யாருமே கண்டுகொள்வதில்லை என்று நான் குரல் உயர்த்துவேன். உண்மையில் எனக்குப் பிடித்தவர் ஸ்பெயின்காரர் நெஸ்டர் கோர்டில்லோ. பந்து அவர் காலுக்கு வந்தால் எங்களுக்கு டீ ஆறிப்போகும்.

அந்த நெஸ்டர்தான் குண்டைப் போட்டார். சென்னை சிட்டியோடு ஒப்பந்தம் முடியாமல் இருக்கும்போதே புனே சிட்டி அணிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று புகார். 2019இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு நான்கு மாதம் ஆடத் தடை விதித்தது. புனே அணியே கலைந்துபோய், அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்து, தடை முடிந்து அவர் அங்கேதான் ஆடினார்.

நான்கு மாதம் போதுமா, போதாதா? பேக்கரியில் ரத்தம் கொதித்தது. கோவையில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தக் குற்றம் புதிதில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, தீபாவளி போனஸையும் வாங்கிக்கொண்டு, பண்டிகை முடிந்த திங்கட்கிழமை அடுத்த தெருப் பட்டறையில் லேத் முன்னால் நிற்கும் ஆப்பரேட்டரைப் பார்க்காத முதலாளி இங்கே யார்? அதனால் கால்பந்து தெரியாத வெல்டிங்காரர்கூட அன்று சட்டம் பேசினார். கவனித்தேன்: ஆளைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் “ஆயுள் தடை” என்றார்கள். ஆளை இழுத்தவர்கள், “பொழைக்க வந்தவனுங்க, நாலு காசு அதிகம் கெடைச்சாப் போகத்தானுங்க செய்வான்” என்றார்கள். நான் ஆயுள் தடைக் கட்சி. அதோடு நிறுத்தவில்லை. ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டும் கிளப்புக்கும் ஃபிஃபா விதியில் தண்டனை உண்டு, அடுத்தடுத்து இரண்டு ஆள்சேர்ப்புக் காலங்களுக்கு (டிரான்ஸ்ஃபர் விண்டோ) புது ஆள் எடுக்க முடியாது என்று விளக்கி, இழுத்த கட்சிக்காரர்களின் முகம் வாடுவதை ரசித்தேன்.

எங்கள் நீதி இப்படி ஜெர்சி பார்த்து வருவதுதான். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் சுனில் சேத்ரி சட்டென்று ஃப்ரீகிக் அடித்துக் கோல் போட, ‘நாங்கள் தயாராகவே இல்லை’ என்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மொத்தமாக மைதானத்தை விட்டு வெளியேறியது. பேக்கரி சேட்டனுக்குப் பூர்வீகம் வாளையாறுக்கு அந்தப்பக்கம். “அது தன்மானம்” என்று டீ ஆற்றினார். அதே அணி அவர் எதிரியாக இருந்திருந்தால் அது அழுகுணி ஆட்டம். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளர் இவான் வுகமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சமும் என்று தீர்ப்பு வந்த அன்று கடையில் துக்க அமைதி. வைண்டிங்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “4 கோடிக்கு ஜி.எஸ்.டி. சேர்த்துங்களா, தனியாவுங்களா?”

நெஸ்டர் விவகாரத்துக்குத் திரும்புகிறேன். அன்று ராத்திரி தோசைக்கு நடுவே என் வாதத்தை வீட்டிலும் எடுத்து வைத்தேன். என் மனைவிக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லை. ஆனால் பட்டறைக் கணக்கு அவள் கையில்.

“ஏனுங்க, நம்ம சி.என்.சி. தம்பி நம்மகிட்ட வர்றதுக்கு முன்னால எங்க இருந்தானுங்க?”

“அது எதுக்கு இப்ப?”

“இல்ல, அவன் அங்க வேலையில இருக்கறப்பவே நாற்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்ததா நோட்டுல இருக்குதுங்க. எழுதுனது நான்தான்.”

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். நெஸ்டர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர், நம் தம்பி வாய்ச்சொல்லோடு இருந்தவன் என்றேன். வாய்ச்சொல்லை நம்பி அந்த முதலாளி அவனுக்கு மெஷின் பழக்கிவிட்டாரே என்றாள். தோசை கருகும் வாசம் வந்தது. ஆட்டம் தற்காலிகமாக நின்றது. திரும்பி வந்தவள் கேட்ட ஒரே கேள்வி: “அந்தக் கிளப்புக்கு என்னுங்க தண்டனைன்னு சொன்னீங்க?”

ஆக அந்தத் தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் என் பட்டறையில் புது ஆள் கிடையாது. நோட்டில் அட்வான்ஸ் என்ற பத்தியே பேனாவால் அடிக்கப்பட்டது. ஆர்டர் குவிந்த நாட்களில் நானே லேத்தில் நின்றேன். கழித்துப் போட்ட பீஸ்களைப் பழைய இரும்புக்காரர் அன்போடு அள்ளிப்போனார்.

இந்தச் சங்கதி எப்படியோ சி.என்.சி. தம்பியின் காதுக்கும் போய்விட்டது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டவன் நகராமல் தலையைச் சொறிந்தான்.

“அண்ணா, அந்த ஸ்பெயின்காரருக்கு உட்கார வெச்ச நாலு மாசத்துக்குச் சம்பளம் உண்டுங்களா?”

கூட ஐநூறு கொடுத்து அனுப்பினேன்.