கனடா வந்திட்டுதோ?

ஒட்டுசுட்டானிலிருந்து முள்ளியவளை வரைக்கும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். பேர் எதுவானாலும் சனத்துக்கு அவர் 'வைஃபை அண்ணை'. சட்டைப் பொக்கற்றில் சவர்க்காரக் கட்டியளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். காற்சட்டைப் பொக்கற்றில் பவர் பாங்க். இவ்வளவுதான் முதல்.

கலியாணம், சாமத்தியவீடு, கோயில் பொங்கல் எல்லாவற்றுக்கும் வருவார் என்றாலும் அவரை அசல் உருவில் பார்க்க ஒரு செத்தவீட்டுக்குப் போகவேண்டும். பிள்ளைகளில் பாதி ரொறன்ரோவிலும் சூரிச்சிலும். வர முடியாதவர்கள் லைவிலாவது முகம் பார்க்க வேண்டாமா? பிரேதம் வீட்டுக்கு வருமுன்பே இவர் வந்துவிடுவார். துக்கம் விசாரிக்க முதல் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

"தகரமோ? சரிவராது."

அவர் சொல்வது சரிதான். தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். கோபுரத்து 4ஜி அலை பெட்டிக்கு வந்து சேர்ந்தால்தானே அது வைஃபையாக்கிப் போன்களுக்குப் பங்கிடும்? ஆகவே பெட்டி ஒரு சொப்பிங் பாக்குக்குள் புகுந்து முற்றத்து வேம்பில் ஏறும். கிளைக்குக் கிளை மாற்றிக் கட்டுவார். கீழே ஒரு பொடியன் போனைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு கோடு... ரெண்டு... மூண்டு அண்ணை!" என்று அறிவிக்க வேண்டும். அன்றைக்கு அவனுக்கு அது அரசாங்க உத்தியோகம்.

பாஸ்வேர்டைக் காதுக்குள்தான் ஓதுவார். பெட்டி பத்துப் போனுக்குத்தான் இடங்கொடுக்கும். பந்தல் கட்ட வந்தவன் ஒருவன் யூரியூப் திறந்தால் போதும், ரொறன்ரோவில் பெரியப்பா பாதி முகத்தோடு நின்றுவிடுவார். அதைவிடப் பெரிய இடைஞ்சல் அழுகை. பெண்கள் பெட்டியைச் சுற்றிக் கட்டிப்பிடித்து (நான் சொல்வது சவப்பெட்டியை) ஒப்பாரி தொடங்கினால் படம் உறைந்துபோகும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். வைஃபை அலையை அது உறிஞ்சும். இது அண்ணைக்குத் தெரியும், அழுகிறவர்களுக்குத் தெரியாது.

"அம்மா, கொஞ்சம் விலத்தி நிண்டு அழுங்கோ. கனடா நிண்டிட்டுது."

ஐயரும் இப்போது வீட்டுக்காரரைக் கேட்பதில்லை. "தொடங்கலாமோ தம்பி?" என்று இவரைத்தான் பார்ப்பார். "ஒரு நிமிசம் ஐயா, மூத்தக்கா இன்னும் வரேல்லை." இங்கே காலை பத்து மணி என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. அக்கா நித்திரைக் கண்ணோடு வந்ததும் முதலில் கேட்பது, "தலைமாட்டிலை நிக்கிறது ஆர்? அவரோ? காணிக் கதையோடை வந்திட்டாரோ?" அண்ணை அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவே மாட்டார். இணைப்பு கொடுப்பவருக்கு ஒரு நடுநிலை வேண்டும்.

இந்த ஆள் வன்னிக்குப் புதியவரல்ல என்பது என் கட்சி. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடைக்காதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ஊருக்கே வானொலிச் செய்தி கேட்கவைத்தவர்களின் வாரிசுதான் இவர். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடி, பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தபோது பிள்ளைகள் இவர் வீட்டு விறாந்தையில்தான் படித்தார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டபோதுதான் பாவம், கொஞ்சம் வாடிப்போனார். பவர் பாங்க் நிறைந்திருந்து என்ன, கோபுரத்துக்கே உயிர் இல்லையென்றால்?

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தது. "அண்ணை, இனி உங்கடை பிழைப்பு?" என்று சிலர் சீண்டிப் பார்த்தார்கள். "அதுக்கு வெட்டவெளி வானம் வேணும். முதல்லை உன்ரை வளவுப் பாலை மரத்தைத் தறி, பிறகு கதைப்பம்." இதுவும் சரிதான்; அதன் அலைவாங்கித் தட்டுக்கு மரம் ஆகாது.

காசு கேட்கமாட்டார். கேட்காமலே அவருடைய நம்பருக்குக் கனடாவிலிருந்து றீலோட் விழும். எல்லாம் முடிந்து வேம்பிலிருந்து பெட்டியை அவிழ்க்கிற நேரம் அக்கா இன்னும் திரையில் நிற்கிறா.

"தம்பி, முப்பத்தொண்டு அந்தியேட்டிக்கும் நீர்தானே?"

அண்ணை கொப்பியைப் புரட்டுகிறார். "அண்டைக்குக் காலமை ஒரு கலியாணம் இருக்கு அக்கா. ஐயரிட்டைச் சொல்லி மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தள்ளுங்கோ. உங்களுக்கு விடியப்புறம் மூண்டு மணிதானே."