பச்சைச் சேலையில் மூன்றாம் சரணம்

சேகரக் கமிட்டியில், ஆராதனை நேரலைக்கு நான் வாங்கிய சாமான்களின் பில்லை வாசித்துக்கொண்டே வந்த பொருளாளர் ஒரு வரியில் நின்றுவிட்டார். "இதென்ன தம்பி, பிளாக் மேஜிக்குன்னு போட்ருக்கு? சபைக் காசுல செய்வினையா?"

பிளாக்மேஜிக் டிசைன் ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி. 2019-இல் அவர்கள் கொண்டுவந்த ஏடெம் மினி ஸ்விட்சரில் நாலு எச்டிஎம்ஐ சொருகலாம், கேமரா மாற்றலாம், படத்தின் மேல் பாட்டு வரியும் ஓட்டலாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று தடவை மேலே பார்த்துவிட்டார். போதகர் ஐயர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதால் தப்பித்தேன்.

படத்தின் மேல் எழுத்துப் போடுவது சிவகாசிக்காரனுக்குப் பெரிய வித்தையா? 1922-இல் எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழிலில்தான் அப்பா முப்பது வருஷமாகக் காலண்டர் அடிக்கிறார். அவரிடமே லூமா கீயை விளக்கப் போனேன். கருப்பு ஸ்லைடில் வெள்ளை எழுத்து. ஸ்விட்சர் கருப்பைத் தின்றுவிடும், அங்கே கேமரா படம் தெரியும்.

"தலைகீழா இருக்கேடா" என்றார் அப்பா. "எங்களுக்கு வெள்ளைன்னா மையே இல்ல, பேப்பர் தெரியுதுன்னு அர்த்தம். ஒங்களுக்குக் கருப்புதான் ஒண்ணுமில்லாததா?"

இதைவிடத் தெளிவாக எந்த யூடியூப் வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் ஞாயிறே சிக்கல். ஐயரின் அங்கி வெள்ளை, எழுத்தும் வெள்ளை. சங்கீதம் பாதி சுவரில் தெரிந்தது, பாதி அங்கிக்குள் போய்விட்டது. எழுத்தைச் சுற்றிக் கருப்புக் கரை கட்டினேன். ஸ்விட்சர் அந்தக் கரையையும் தின்றது. கருப்பு என்றால் ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னது அப்போதுதான் உறைத்தது. சரி, பச்சை ஸ்லைடுக்குப் போவோம், குரோமா கீ பச்சையை மட்டும்தானே எடுக்கும் என்று மாறினேன்.

பச்சையில் கைவைத்தால் இந்த ஊரில் வம்புதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசைத்தான் விற்கலாம், பேரியம் உப்பு கூடாது என்றது. வாணத்தில் பச்சை வெளிச்சம் தருவதே பேரியம்தான். பச்சை எரியாத பசுமைப் பட்டாசு! டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

கிறிஸ்துமஸ் ஆராதனை. பாடகர் குழுப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரே மாதிரி கிளிப்பச்சைப் பட்டில் வந்து நின்றார்கள். அதனாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பச்சை நீக்கம் லேப்டாப் படத்துக்கு மட்டும்தான், கேமராவுக்கு இல்லை. ஆனால் அவசரத்தில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். லேப்டாப் அடியில் போனது, கேமரா மேலே வந்தது, கீ பொத்தானை அமுக்கினேன்.

சேலைகள் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, பின்னாலிருந்த ஸ்லைடு எட்டிப் பார்த்தது. அதுவும் பச்சை என்பதால் சேலை சேலையாகவே இருந்தது. என்ன, அதில் மூன்றாம் சரணம் அச்சாகியிருந்தது. முதல் அக்காவின் தோளில் ஆரம்பித்த வரி, முகங்களையும் கைகளையும் தாண்டி, கடைசி அக்காவின் முந்தானையில் முடிந்தது. அவர்கள் அசைந்து பாடப் பாட எழுத்துகள் வருவதும் போவதுமாக இருந்தன. எந்தப் பொத்தானை அமுக்கினால் பழையபடி ஆகும் என்பது எனக்கு மறந்துபோய், சரணம் முடியும்வரை அப்படியே ஓடிற்று. துபாயிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "டிசைன் நல்லாருக்கு. எந்தக் கடை?"

வீட்டுக்குப் போனால் அப்பா செல்போனில் அதே இடத்தை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"கடைசிப் பிள்ள முந்தானையில 'மகிள்ந்து'ன்னு இருக்கு. ப்ரூஃப் பார்த்தியா இல்லியாடா?"