மாப்ள கொண்டு வந்த ஒப்பந்தம்

வாங்க மாப்ளே, உக்காருங்க. கையில என்னமோ நீல அட்டை போட்ட கட்டு? ஓ, ஆரம்ப சுகாதார நிலையத்தை இனிமே உங்க டிரஸ்ட்தான் நடத்தப் போவுதா? நெம்ப சந்தோசம். கலெக்டர் கூட நின்னு போட்டோ எடுத்தாச்சா? எடுத்தாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சாப்லதான். மிச்சம் பாதி, சீக்குக்காரனுக்கு மாத்திரை குடுக்கற சில்லறை வேலை. அதை மெதுவாப் பாத்துக்கலாம்.

"சட்டப்படிதான் எல்லாம் நடக்குது மாமா"ங்கறீங்க. எந்தச் சட்டம்னு கேட்டா ஏன் அட்டையைத் தடவிக்கிட்டே நிக்கறீங்க? நான் எட்டாவதோட நின்னவன், இருந்தாலும் சொல்றேன். சர்க்கார் கொள்முதலுக்கு 1998ல ஒரு டெண்டர் சட்டம் வந்துச்சு. வெலை கொறச்சுச் சொல்றவனுக்கே வேலைங்கறது அதோட கணக்கு. கயித்துக் கட்டிலுக்கும் டியூப் லைட்டுக்கும் அது சரி. பிரசவம் பாக்கறதுக்கு யாரு கம்மியாச் சொல்றாங்கன்னா ஏலம் கூவறது? ரோடு, பாலம் மாதிரி உள்கட்டமைப்புக்கு 2012ல இன்னொரு சட்டம். தருமத்துக்கு வைத்தியம் பாக்கறவங்களோட சர்க்கார் சேர்ற கூட்டெல்லாம் பெரும்பாலும் ஒரு அரசாணையிலயும், உங்க கையில இருக்கற கட்டாட்டம் ஒரு காயிதத்துலயுந்தான் நிக்குது.

உங்களுக்குப் புரியறாப்ல சொல்றேன். எங்கப்பாரு காலத்துல காட்டைக் குத்தகைக்கு விட்டா வாய்ப்பேச்சுத்தான். வெதைச்சவன் அறுக்கறதுக்குள்ள "நாளைக்கு வராதே"ன்னாலும் சொல்லலாம். 1955ல சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. குத்தகை ஒழுங்காக் குடுக்கறவனைச் சும்மா கெளப்ப முடியாதுன்னுச்சு. 1969ல அவன் பேரைப் பதிவேட்டுலயே ஏத்துனாங்க. குத்தகைக்காரன் நெஞ்சை நிமித்துனதும் எங்கப்பாருக்குத் தூக்கம் போனதும் ஒரே சமயத்துலதான். அதை விடுங்க, அது குடும்பச் சமாச்சாரம். அஞ்சு ஏக்கரா சோளக்காட்டுக்கு இருக்கற அந்தப் பாதுகாப்பு உங்க ஆஸ்பத்திரிக் குத்தகைக்கு இருக்குதுங்களா? அதைத்தான் கேக்கறேன்.

திம்பம் மலையேறி அந்தப் பக்கம் போனீங்கன்னா சாமராஜநகரம் ஜில்லா. அங்க பிஆர் ஹில்ஸ்ல சோளிகர் சனத்துக்கு வைத்தியம் பாத்த டாக்டர் சுதர்சன், 1994ல ரைட் லைவ்லிஹுட் விருது வாங்குனவரு. அவரோட கருணா டிரஸ்ட் கிட்ட 1996ல கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கர்நாடக சர்க்கார் ஒப்படைச்சுது. நல்லாத்தான் நடத்துனாங்க. அதைப் பாத்துட்டு "ஆரோக்கிய பந்து"ன்னு திட்டமே போட்டு இன்னும் பல நிலையங்களை டிரஸ்டுகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் குடுத்தாங்க. பொறவு சர்க்காரே அந்தத் திட்டத்தைக் கைவிட்டுருச்சு. பந்துன்னா சொந்தக்காரன், ஒரம்பரையாட்டம் வந்தான், போன்னதும் கெளம்பிட்டான்.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்மூரு 108 ஆம்புலன்ஸைப் பாருங்க. 2005ல ஐதராபாத்துல சத்யம் கம்பெனி ராமலிங்க ராஜு ஆரம்பிச்ச லாப நோக்கமில்லாத நிறுவனத்தோட வண்டி அது. 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. நாலே மாசம். 2009 ஜனவரி 7ந் தேதி, "எங்க கம்பெனிக் கணக்கெல்லாம் பொய்யி"ன்னு அவரே கடுதாசி எழுதிட்டாரு! வண்டி என்னமோ நிக்கலை. சர்க்கார் பணம் இருந்துச்சு, ஜிவிகே கம்பெனி வந்து பொறுப்பெடுத்துக்கிச்சு, தப்பிச்சோம். ஆனா வண்டி ஓட்டற பையனைக் கேளுங்க, நீ யாரு ஆளுன்னு. சம்பளத்துப் பணம் சர்க்காருது, வேலை போட்ட உத்தரவு நிறுவனத்துது. போனஸ் கேட்டுப் போராட்டம்னு வந்தா ரெண்டு பக்கமும் அடுத்தவனைக் கை காட்டும். உங்க ஒப்பந்தத்துல நர்ஸம்மா யாரு ஆளுன்னு எழுதியிருக்குதுங்களா? பொரட்டுங்க, பாக்கலாம்.

இல்லையா? சரி, கடைசிப் பக்கத்துல லோகோ மட்டும் கலர்ல நல்லாருக்குது.

பணத்துக்கு வருவோம். சர்க்கார் பணம் வரும். எப்ப வரும்னு கேட்டாத்தான் கோவிச்சுக்கும். சர்க்காருக்கே தன் கஜானா மேல நம்பிக்கையில்லாம 1994ல ஒரு வேலை பண்ணுச்சு, தெரியுங்களா? எய்ட்ஸ் தடுப்பு வேலையில பணம் சிவப்பு நாடாவுல சிக்கக் கூடாதுன்னு தனியா ஒரு சங்கத்தைப் பதிவு பண்ணி, அது வழியாத் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் குடுத்துச்சு. நாட்டுலயே மொத அப்படிச் சங்கம் நம்ம தமிழ்நாட்டோடதுதான். சர்க்காரே சர்க்காருக்குப் பயந்து சந்துல புகுந்து போவுது, நீங்க ராஜபாட்டையில நெஞ்சை நிமித்திப் போறீங்க.

சிரிக்காதீங்க, உங்க ஆளுகளுக்கும் இருக்குது. "நாங்க தருமம் பண்றவங்க, எங்ககிட்டக் கணக்குக் கேக்கறதா"ன்னு முறுக்கிக்கிற டிரஸ்டியை நானும் பாத்திருக்கேன். அரசாங்கப் பணம் கணிசமா வாங்கற தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துல பதில் சொல்லியாவணும்னு 2019லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அதனால பத்து ரூவா ஸ்டாம்ப் ஒட்டி மொத மனு நாந்தான் போடுவேன். மாமன்னு கூடப் பாக்காம ஒழுங்காப் பதில் எழுதோணும்.

சட்டம் ஒண்ணு வேணும் மாப்ளே, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டை வெலையை மட்டும் பாத்து முடிவு பண்ணாத சட்டம். பணம் தாமதமானா வட்டி, கூட்டு முறிஞ்சா அந்த ஊர் சனத்துக்கு வைத்தியம் நிக்காம மாத்தி விடற அவகாசம், தப்பு நடந்தா யாரு பதில், இது மூணும் இருந்தாச் சட்டம். இல்லீன்னா வாழ்த்து மடல்.

அது வர்ற வரைக்கும் இந்தக் கட்டுலயே அந்த மூணையும் எழுதி வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. வாங்குன பணத்தைச் செலவு பண்ணுனதுக்கான சான்று, அதான் யூசி, அதை மார்ச் 31க்கு முன்னாடியே குடுத்துருங்க. அது போவலீன்னா, எந்த ஆபீசர் எவ்வளவு சிரிச்சுப் பேசுனாலும் அடுத்த தவணை வராது.