தண்ணீர் வளர்ப்பவர்

மீன் வளர்ப்பவர் வேறு, தண்ணீர் வளர்ப்பவர் வேறு. "மீனெல்லாம் எப்படி இருக்கு?" என்று முதலாமவரைக் கேட்டால் மீனைப் பற்றிச் சொல்வார். இரண்டாமவரைக் கேட்டால், "கேஹெச் எட்டரை, கால்சியம் 430, மக்னீசியம் 1,320. ஆண்டவன் புண்ணியத்துல இன்னிக்குப் பரவாயில்ல" என்பார். தொட்டியில் ஒரு மீன் மல்லாந்து மிதப்பதை நாம்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் இவர் வீவக அடுக்குமாடியில் பத்தாவது மாடிக்காரர். சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவு; இவருக்கு அந்தக் கடல் போதாது, கூடத்திலேயே ஒன்று செய்துகொள்வார். குழாய்த் தண்ணீரில் குளோராமின் இருக்கிறது, ஆகாது. ஆர்ஓ, அதற்கு மேல் டிஐ என்று வடிகட்டி, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை விடமாட்டார். பிறகு, உப்பெல்லாம் போன அந்தத் தண்ணீரில் காசு கொடுத்து வாங்கிய உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கொட்டிக் கலக்குவார். "இருந்ததை எதுக்குங்க எடுத்தீங்க?" என்று மனைவி ஒரே ஒருமுறை கேட்டார். பதில் இரவுச் சாப்பாடு வரை நீண்டதால் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் சோதனை நேரம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர், கையில் சிரிஞ்சு, சொட்டுச் சொட்டாக மருந்து. ரோஜா நிறம் நீலமாகும் கணத்தில் நிறுத்தினால் கால்சியம் தெரியும். அந்தக் கணம் எது என்பதில்தான் குடும்பமே இரண்டுபட்டுப் போகும். மகள் கண்ணுக்கு 450, மகன் கண்ணுக்கு 420. விளையாடப் போகும் அவசரத்தில் மகன் எல்லாவற்றையும் "நீலம்ப்பா" என்றுவிடுவான் என்பது இவருக்கும் தெரியும். ஆகவே சராசரி எடுப்பார். மாதம் ஒருமுறை ஒரு குப்பித் தொட்டித் தண்ணீர் சோதனைக்காக ஜெர்மனி வரை போய் வரும். அவருடைய ரத்தம் மட்டும் பக்கத்துப் பலதுறை மருந்தகம் வரைகூடப் போனதில்லை.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், நியாயமான காரணம் இருக்கிறது. பவளம் தன் எலும்புக்கூட்டைத் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டுதான் கட்டுகிறது. இரண்டும் தினமும் குறையும், இரண்டையும் ஈடுகட்ட வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் ஊற்றினாலோ, இரண்டும் பவளத்துக்காகக் காத்திராமல் தாமே சேர்ந்து சுண்ணாம்பாக உறைந்து, தண்ணீரை வெள்ளையாக்கி, பம்பிலும் ஹீட்டரிலும் அப்பிக்கொள்ளும். காதலர் நடுவே உட்கார்ந்த சித்தப்பாவாக அவற்றைச் சேரவிடாமல் வைத்திருப்பது மக்னீசியம். இவருக்கோ கை நிற்காது. கேஹெச் என்கிற கார்பனேட் அளவு கொஞ்சம் இறங்கினால் ஏற்றுவார், ஏறியதும் கால்சியம் இறங்கும், அதை ஏற்றுவார். பவளங்கள் நல்ல அளவைவிட நிலையான அளவையே விரும்பும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவரும் இவரேதான்.

ஊரிலிருந்து வந்த அம்மா, ராத்திரியில் இவர் தொட்டிக்குச் சொட்டவிடும் தெளிநீரையும் பக்கத்திலிருந்த வெளிநாட்டு டப்பாவையும் முகர்ந்து பார்த்தார்.

"ஏன்டா, இது வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதானே?"

"இல்லம்மா. இது கால்சியம் ஹைட்ராக்சைடு."

"அந்த வெள்ளைப் பொடி?"

"சோடியம் பைகார்பனேட். கேஹெச் ஏத்தறதுக்கு."

அம்மா அதையும் நாக்கில் தொட்டு, ஆப்பசோடா என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் தேக்கா போனவர் இரண்டையும் சில்லறைக் காசுக்கு வாங்கி வந்து தொட்டியருகே வைத்தார். இவர் அதைத் தொடவில்லை. வேதியியலில் அம்மா சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் இவருக்குத் தூய்மை முக்கியம், டப்பா மேல் மீன் படமும் முக்கியம்.

விருந்தாளிகள் வந்தால்தான் உண்மையான சோதனை. பவளங்களுக்குத் தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும், ஆகவே சில்லர். சில்லர் தன் சூட்டைக் கூடத்தில் கக்கும், ஆகவே ஏர்கான். ஏர்கான் போட்டால் ஜன்னலை மூட வேண்டும். மூடிய கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசினால் கரியமிலவாயு ஏறும், அது தண்ணீரில் கரையும், பிஹெச் இறங்கும். பொங்கலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: நாம் தொட்டியை ரசிக்க, அவர் மீட்டரை ரசிப்பார். 8.2 என்பது 8.0 ஆனதும் முகம் வாடும். 7.9 ஆனால், "காத்தாட வராந்தாவுல உக்காரலாமே" என்பார். நம் மூச்சுதான் குற்றவாளி என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார், அந்த மட்டும் நாகரிகம் உண்டு. இப்போது, தொட்டிக் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் நுரைப்பானின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே இழுத்துவிட்டிருக்கிறார். அடுத்தபடியாக, அறுவைச் சிகிச்சை அறையில் மயக்க மருந்து இயந்திரத்தில் கரியமிலவாயுவை உறிஞ்சப் போடும் சோடா சுண்ணாம்பு வாங்கும் யோசனையும் உண்டு.

பீர்கூடத் தொடாத மனிதர் வீட்டில் வோட்கா பாட்டில் இருக்கும். அதைக் குடிப்பது பாக்டீரியா. சாராயத்தின் கரியைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். பிறகு நுரைப்பான் பாக்டீரியாவை வெளியேற்றிவிடும். புரட்டாசிச் சனிக்கிழமை நெற்றியில் நாமத்தோடு இவர் சிரிஞ்சில் வோட்கா அளப்பதைப் பார்த்த மாமனார் இன்னும் முழுதாக நம்பவில்லை.

ஊருக்கு வந்தாலும் மீட்டர் சட்டைப்பையில்தான் இருக்கும். ராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் சொட்டச் சொட்டக் குளித்தவர், தலையில் ஊற்றிய வாளித் தண்ணீரைக் கையில் ஏந்தி, கிணற்றுக்குக் கிணறு டிடிஎஸ் பார்த்தார். பின்னால் நின்ற வரிசை அவரை ஆராய்ச்சியாளர் என்று எண்ணி வழிவிட்டது. அக்னி தீர்த்தக் கடலையும் அளந்துவிட்டு, உப்பைப் பற்றிக் குறை சொன்னார். கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டை எடுக்கக் குனிந்தபோதுதான் மைத்துனன் "மாமா, வேணாம்!" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

அவன் செய்ததுதான் சரி. தமிழ்நாட்டில் யாருக்காவது இந்த ஆசை வந்தால் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கல் பவளங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான்.