தண்ணி எங்கன நிக்குதுலே?

வாலே தம்பி, உக்காரு. என்ன மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு? வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா? இல்லையா? ஓஹோ, லேப்டாப்புல நெட்டு வரலையா! அப்படிச் சொல்லு. நாங்கூட ஏதோ எழவு விழுந்துட்டோன்னு பதறிட்டேன்.

ஒனக்கு ஒரு கதை சொல்லுதேன். போன மாசம் எம் பேரனுக்கும் இதே அச்சலாத்திதான். பய பெங்களூர் கம்பெனியில வேலை பாக்கான். வேலை பெங்களூர்ல, ஆளு எங்க வீட்டு மச்சுல. மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ சாரம். எதுத்தாப்புல பாக்கவனுக்கு இடுப்புக்குக் கீழ தெரியாதாம். எங்க காலத்துல கூத்துல ராசா வேசம் கட்டுனவன்கூட முழுசாக் கட்டிக்கிட்டுத்தான் வெளிய வருவான்.

ஒரு திங்கக்கெழமை காலையில மச்சுலருந்து ஒரு கத்து. "தாத்தா, வைஃபை போச்சு!" வைக்கப்படப்புல தீ புடிச்சாக்கூட அப்படிக் கத்த மாட்டாம்லே.

"வைஃபைன்னா என்ன அர்த்தம்டே?"ன்னு கேட்டேன். இங்கிலீசுல நீளமா ஒண்ணு விரிச்சான். அந்த விரிவெல்லாம் பொறவு ஒட்டவச்சது. பேரு வைக்கதையே பொழப்பா வச்சிருக்க ஒரு கம்பெனிக்குக் காசு குடுத்து 1999ல வாங்குன பேரு அது. வாய்க்கு நல்லாருக்குன்னு வச்சாவ, அவ்வளவுதான். அதுக்கு முன்னால 802.11-னு நம்பருதான், செயில்ல இருக்கவனுக்குப் போடுத மாதிரி. காசு குடுத்துப் பேரு வாங்குன சாமானுக்குக் கொஞ்சம் பவுசு இருக்கத்தான செய்யும்?

சரி, நெட்டு போச்சு. பய என்ன செஞ்சான் தெரியுமா? போன்ல ஒரு வீடியோ பாத்தான். அதுல ஒருத்தன் படபடன்னு பேசுதான், "இதை அழி, அதை அழி"ங்கான். இவனும் வைஃபைக்குன்னு லேப்டாப்புக்குள்ள இருந்த டிரைவர அழிச்சுப்போட்டான். பொறவு புதுசு போடணுமாம். அது எங்க கெடைக்கும்? நெட்டுல. நெட்டு எங்க இருக்கு? அதுக்குத்தான டிரைவரு! கெணத்துக்குள்ள எறங்கிட்டு ஏணியக் காலால எத்திவிட்டவன எங்கயாவது பாத்திருக்கியா? நான் பாத்தேன். எம் பேரனாத்தான் இருந்தான்.

நல்ல வேளை, போனு சார்ஜ் போடுத வயரையே லேப்டாப்புல சொருகி, போன்ல இருக்க நெட்ட அதுக்குக் குடுக்கலாம்னு எவனோ கூட்டாளி சொல்லிருக்கான். அப்படி எறக்கிச் சேத்தான். காலையில இருந்தபடிக்கு வாரதுக்கே மத்தியானம் ஆயிப்போச்சு.

நான் திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சிக்கிட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? கெழவனுக்கு என்ன தெரியும்?

ஏலே, அம்பது வருசம் தண்ணி பாய்ச்சுனவம்லே நான். கமலையில எறைச்சேன், பம்புசெட்டுல எறைச்சேன். கடைசிப் பாத்திக்குத் தண்ணி வரலைன்னா என்ன செய்வோம்? பாத்தியப் புடிச்சா உலுக்குவோம்? மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கா வழியே நடப்போம். கெணத்துல தண்ணி இருக்கா? மோட்டார் ஓடுதா? தொட்டியில விழுதா? எங்கன வரைக்கும் ஈரம் இருக்கு, எங்கன காஞ்சு கெடக்கு? ஈரம் முடியுத எடத்துலதாம்லே கோளாறு. நண்டு வளை போட்டிருக்கும், இல்ல மடை அடைச்சிருக்கும். இதுக்கு டிப்ளமா வேணுமா?

நெட்டும் அப்படித்தான். தெருவுல போஸ்ட்டு மேல வார கண்ணாடி நரம்பு கெணறு. சுவத்துல இருக்க டப்பா தொட்டி. லேப்டாப்பு கடைசிப் பாத்தி. அந்த டப்பாவுல இருக்க வெளக்குக்கெல்லாம் எனக்கு அர்த்தம் தெரியும். மாட்டவந்த லைன் பையனுக்கு ரெண்டு செம்பு மோரு குடுத்துக் கேட்டு வச்சிருக்கேன். பானு போட்ட வெளக்கு பச்சையா நிலைச்சு நின்னா, நரம்பு வழியா வெளிச்சம் ஒழுங்கா வருது. லாஸுன்னு போட்ட வெளக்கு செவப்பாக் கண்ணு சிமிட்டுனா, நரம்பு அந்துபோச்சு, இல்ல ஒடிஞ்சு மடங்கிக் கெடக்கு. வைக்கோல் லாரி இழுத்திருக்கும், அணில் கடிச்சிருக்கும். அப்பம் நீ லேப்டாப்புக்கு முன்னால உக்காந்து தவம் இருந்தாலும் வராது. லைன்காரனத்தான் கூப்பிடணும்.

நான் கதவிடுக்கு வழியா எட்டிப் பாத்தேன். பானு பச்சை. கெணத்துல தண்ணி இருக்கு. வாய மூடிக்கிட்டு வந்து படுத்துட்டேன். கேக்காதவனுக்குச் சொன்னா மதிப்பு இருக்குமாலே?

மறுநா பய டப்பாவ அமத்திப் போட்டான். அது நல்ல வைத்தியந்தான், குத்தம் சொல்ல மாட்டேன். மனுசனுக்குப் பட்டினி மாதிரி. ஆனா அமத்துன கையோட போட்டா என்ன பிரயோசனம்? அரை நிமிசமாவது விடணும், உள்ள தங்குன கரண்டு வடியணும். பொறவு டப்பாவ முதல்ல போடு, அது முழிச்சு எந்திரிக்க ரெண்டு மூணு நிமிசம் ஆகும், அதுக்குப் பொறவு லேப்டாப்ப போடு. இவன் போடுதான், அமத்துதான், போடுதான், அமத்துதான். கொழந்தைய உறங்கவும் விடாம முழிக்கவும் விடாம ஆட்டுத ஆட்டு.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்து ஏரோப்ளேன் பொத்தானப் பாருன்னா. அவ வீட்டுல வாரம் ஒருக்கா அது நடக்குமாம். தூசி தொடைக்கும்போது விரலு பட்டு ஏரோப்ளேன் படம் போட்ட பொத்தான் அமுங்கிரும், வைஃபை மொத்தமும் அணைஞ்சிரும். வானத்துல பறக்கவனுக்கு உள்ள பொத்தான் தரையில இருக்கவனுக்கு எதுக்கு? ஆனா நல்ல யோசனை, முதல்ல பாக்க வேண்டியது அதுதான். எங்க வீட்டுல கோளாறு அது இல்ல.

பொறவு, வைஃபை பேர "மறந்துரு"ன்னு சொல்லி அழிச்சுட்டுப் பாஸ்வேர்ட மறுபடி அடிச்சான். அதுவும் சரியான வழிதான், பழசு மனசுல தங்கிக்கிட்டு மொரண்டு புடிச்சா அப்படித்தான் தீக்கணும். அடிச்சான், தப்புங்குது. அடிச்சான், தப்புங்குது. நாலாவது தடவைதான் பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கிக் கெடக்குன்னு கண்டான். இதுல வேற, பாஸ்வேர்டு எவனும் கண்டுபுடிக்கக் கூடாதாம். அவனாலயே முடியலயே!

சேந்துச்சு, ஆனா நெட்டு இல்லன்னு மஞ்சளா ஒரு முக்கோணம் காட்டுச்சு. அப்பம் லேப்டாப்போட கதவு நம்பரப் பாக்கணுமாம். டப்பா, தங்கிட்ட ஒட்டுத ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரு குடுக்கும், வீட்டு டப்பாவுல பெரும்பாலும் 192.168-னு ஆரம்பிக்கும். டப்பாகிட்ட நம்பரு வாங்க முடியலைன்னா லேப்டாப்பு தனக்குத்தானே ஒண்ணு வச்சுக்கிடும், அது 169.254-னு ஆரம்பிக்கும். நம்மூர்லயும் உண்டும்லா? யாரும் பட்டம் குடுக்கலைன்னா தானே போஸ்டர் அடிச்சுப் போட்டுக்கிடுத ஆளுங்க. எம் பேரன் லேப்டாப்புல அந்த 169தான் இருந்துச்சு. அதாவது மேல இருக்க பாத்திக்கும் கீழ இருக்க தொட்டிக்கும் பேச்சுவார்த்தையே ஒழுங்கா நடக்கல.

இந்த எடத்துல ஒருத்தன் யோசிச்சிருக்கணும். இவன் என்ன செஞ்சான்? பைக்க எடுத்துக்கிட்டுக் கோவில்பட்டிக்குப் போனான், லேப்டாப்ப ரிப்பேர்க் கடையில குடுக்க. கடைக்காரரு தட்டிப் பாத்து, உள்ள இருக்க கார்டு வீக்கு, மாத்தணும்னு சொல்லி ஆயிரத்தி ஐநூறு ரூவா வாங்கிட்டாரு. சாயங்காலம் வந்தான். மச்சுக்குப் போனான். மறுபடியும் அதே கத்து.

அப்பந்தான் வந்து எம் பக்கத்துல உக்காந்தான். தொண்டை கம்மிப்போச்சு பயலுக்கு.

"ஏலே, கடையில வச்சு நெட்டு வந்துச்சா?"

"வந்துச்சு தாத்தா. போன ஒடனே அவரு வைஃபைல ஒட்டிக்கிடுச்சு."

"கார்ட மாத்துததுக்கு முன்னாலயா, பொறவா?"

பய வாயத் தொறந்தான், மூடுனான். முன்னாலயேதான் ஒட்டிருக்கு! மாமியா வீட்டுல நல்லா திங்க மாப்பிள்ளைக்கு வயித்துல என்னலே கோளாறு இருக்கும்?

"ஆனா தாத்தா, எம் போன்ல நெட்டு நல்லா வருதே. அப்பம் நம்ம டப்பாவும் நல்லாத்தான இருக்கு?"

இங்கனதாம்லே தம்பி படிச்சவனெல்லாம் சறுக்குத எடம். "சிம்மு நெட்ட அமத்துலே, பொறவு பேசு"ன்னேன். அமத்துனான். மச்சுல போனும் ஊமையாயிருச்சு. மூணு நாளா போன்ல வந்தது டப்பா தண்ணியே இல்ல, பக்கத்து வீட்டுக் கொழாயி! அதப் பாத்துட்டு நம்ம கெணறு நெறஞ்சு கெடக்குன்னு இவன் நெனச்சிருக்கான்.

"போனக் கையில புடிச்சுக்கிட்டுப் படி எறங்கு"ன்னேன். ஒவ்வொரு படிக்கும் அந்த விசிறிக் கோடு ஒண்ணு ஒண்ணாத் தலைகாட்டுது. கீழ பட்டாசாலைக்கு வந்தா நெட்டு வருது. ஈரம் எங்கன முடியுதுன்னு தெரிஞ்சு போச்சா?

டப்பா எங்க இருக்குங்கே? வீடு கட்டும்போது இஞ்சினீயரு, வயரெல்லாம் வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு சுவத்துக்குள்ள ஒரு இரும்புப் பெட்டி பதிச்சு, அதுக்கு இரும்புக் கதவும் போட்டு, உள்ள வச்சுட்டாரு. கதவு சாத்திக் கெடக்கு. சேவலப் பஞ்சாரத்துல கவுத்தாக்கூட சத்தமாவது கேக்கும், ஓட்டை இருக்கு. இது இரும்பும்லா. அந்த அலை செங்கச் சுவரத் தாண்டும், மரக்கதவத் தாண்டும், இரும்புத் தகட்டுல முட்டுனா திரும்பிரும்.

சுவரத் தாண்டுதது ஒண்ணும் புது அதிசயமில்ல. ஜெகதீஷ் சந்திர போஸ்னு ஒரு வாத்தியாரு, 1895 வாக்குல கல்கத்தா டவுன் ஹால்ல, கம்பி இல்லாமலே சுவருக்கு அங்கிட்டு இருந்த மணிய அடிக்க வச்சாரு, வெடிமருந்தப் பத்த வச்சாரு. நூத்திச் சொச்சம் வருசங் கழிச்சு நாம அதக் கொண்டுபோயி இரும்புப் பெட்டியில பூட்டுதோம். எதுக்கு? வீடு அழகா இருக்கணும்.

கதவத் தொறந்தேன். மச்சுலருந்து "வந்துருச்சு தாத்தா!"ன்னு ஒரு கத்து.

அதோட விட்டேனா? "அந்தப் பேருல ரெண்டு இருக்கே, நீ எதுல ஒட்டுனே?"ன்னேன். 5ன்னு முடியுததுல ஒட்டிருக்கான், அதுதான் வேகமாம். வேகம் வாஸ்தவந்தான். அது ரேக்ளா மாடு. வெட்டவெளியில பறக்கும், ரெண்டு சுவரு வந்தா நாக்கத் தள்ளிரும். அதோட அலை காச்சாண் நீளங்கூட ஒழுங்கா இருக்காது. இன்னொண்ணு, 2.4ங்கது, செக்குமாடு, அலை அரைச்சாண் இருக்கும், பையத்தான் போகும், ஆனா சுவரப் பாத்து அவ்வளவு சீக்கிரம் மெரளாது. மச்சுல இருக்கவன் செக்குமாட்டப் புடிக்கணும். டப்பா பக்கத்துல உக்காந்திருக்கவன் ரேக்ளா ஓட்டட்டும்.

எல்லாம் சரியாச்சு. ராத்திரி சாப்பிடும்போது பய திடீர்னு ஒரு கேள்வி கேட்டாம்லே. "தாத்தா, போன ஞாயித்துக்கெழம வரைக்கும் நெட்டு நல்லாத்தான வந்துச்சு? அந்தக் கதவு எப்பவும் தொறந்துதான கெடக்கும்? யாரு சாத்துனா?"

மூணு நாளைக்கு முன்னால, முதக் கேள்வியாக் கேட்டிருக்க வேண்டியது. நேத்து வரைக்கும் நல்லாருந்தது இன்னைக்குக் கெட்டுச்சுன்னா, நடுவுல என்ன மாறுச்சு, வீட்டுல யாரு எதத் தொட்டா? இதக் கேக்காம வீடியோக்காரங்கிட்ட கேட்டான், கடைக்காரங்கிட்ட கேட்டான். ஆயிரத்தி ஐநூறு ரூவா.

"காத்து அடிச்சுச் சாத்திருக்கும்லே"ன்னு சொல்லிட்டு மோர ஊத்திக்கிட்டேன்.

நான் படுக்கது அந்தப் பட்டாசாலையிலதான் தம்பி. ராத்திரி முழுக்க அந்த டப்பா பச்சை பச்சையாக் கண்ணச் சிமிட்டுனா வயசான மனுசன் எப்படி உறங்குவான்? ஞாயித்துக்கெழம ராத்திரி எந்திரிச்சு ஒரு தள்ளு தள்ளுனேன், வெளக்குத் தெரியல, நல்ல உறக்கம். காலையில அவன் கத்துன கத்துலதான் முழிச்சேன்.

இப்பம் கதவு தொறந்துதான் கெடக்கு. நான் துண்ட எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டுப் படுக்கேன். நீ அவங்கிட்ட எதையும் ஒளறிராதே. சரி, ஒங்க வீட்டு டப்பா எங்கன இருக்கு? ஒங்க தாத்தா எங்கன படுக்காரு?